இறங்கிக்கொண்டிருப்பவர்

காலை ஆறு நாற்பதுக்குச் சீரக்காட்டிலிருந்து ஐந்து சைக்கிள்கள் இறங்கத் தொடங்கின. அடிவாரச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தவை நான்கு. வராமல் போனது, மதுரையில் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்த அருள்நம்பியின் சைக்கிள். அது 2011 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மலையேறி, சீரக்காட்டு விடுதியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் இறங்குவது அந்த நண்பர்களின் வழக்கம். ஒரே மூச்சு என்பது மற்ற நால்வருக்குத்தான். அருள்நம்பி ஏறிவரும் எந்த வண்டியைக் கண்டாலும், அது பஸ்ஸானாலும் பால் வண்டியானாலும் மூச்சு வாங்க மிதித்துவரும் விறகுக்காரர் சைக்கிளானாலும், ஓரம் கட்டிக் காலை ஊன்றி நின்று, அது கடந்த பிறகே புறப்படுவார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியைத் தன்னிடம் ஓட்டக் கற்ற அத்தனை பேரையும் வாய்விட்டுச் சொல்லவைத்தவர் அவர். அவர் மலை இறங்கவில்லை, லைசென்ஸ் டெஸ்ட் கொடுக்கிறார் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆகவே முதல் அரை மணி நேரம் யாரும் கவலைப்படவில்லை. அதன்பிறகுதான், அடிவாரத்திலிருந்து எண்ணும் முதல் வளைவுக்குக் கீழே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்ததும், தாங்களே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டியதும், அன்று காலை அந்தப் பாதையில் ஏறிய வண்டி ஒன்றுகூட இல்லை என்பதும் அவர்களுக்கு உறைத்தது.

மூன்று நாள் தேடினார்கள். போலீஸ் தேடியது, வனத்துறை தேடியது, கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கிப் பழக்கப்பட்ட ஆட்கள் தேடினார்கள். சறுக்கிய தடம் இல்லை, ஒடிந்த செடி இல்லை, கண்ணாடிச் சில் ஒன்றுகூட இல்லை. நான்காம் நாள் காலை ஒன்பதாம் வளைவில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் ரோசம்மா, பாலை ஆற்றிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். மஞ்சள் பனியனும் வெள்ளை ஹெல்மெட்டுமாக அருள்நம்பி வந்தார், இடது கையைத் தோள்வரை உயர்த்தி ஆட்டினார், வளைவில் உடம்பைச் சாய்த்துத் திரும்பிக் கீழே போனார். பனியனின் முதுகுப் பையில் ஒரு வாழைப்பழம் துருத்திக்கொண்டிருந்தது. ஆள் கிடைத்துவிட்டார் என்று ரோசம்மா அடிவாரத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். அடிவாரத்தில் எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வரவில்லை.

மறுநாள் அதே நேரத்தில் அவர் மறுபடியும் இறங்கினார். அதற்கு மறுநாளும் இறங்கினார். வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்திப் பார்த்ததில், பதினேழிலிருந்து இரண்டுவரை எல்லா வளைவிலும் அவரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். முதல் வளைவில் நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக ஒரு கூப்பிடு தூரம் சாலை இருக்கிறது. அங்கே நின்றவர்களுக்குப் பின்சக்கரம் சுழலும் டிக் டிக் ஓசை நெருங்கி வருவது கேட்டது, முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது, ஓசை அவர்களைத் தாண்டாமலே நின்றுபோனது. வாழைப்பழம் கறுக்கவில்லை. பின்டயரின் ஒரு பக்கத்தில் ஒட்டியிருந்த சேறு, சித்திரை வெயிலிலும் ஈரமாகவே இருந்தது.

அவரை நிறுத்த முயற்சி செய்யாமல் இல்லை. வனக்காவலர் ஒருவர் கைகளை விரித்து நடுச்சாலையில் நின்றார்; சைக்கிள் போன பிறகு பார்த்தால் அவர் ஓரத்தில் நின்றிருந்தார், எப்போது நகர்ந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. குறுக்கே கயிறு கட்டினார்கள். கயிறு அவிழ்ந்து, பாம்புச் சுருளாக ஒழுங்காகச் சுற்றி, மைல்கல்லின் மேல் வைக்கப்பட்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கும் கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கும் ஒரே மாதிரி கையாட்டிவிட்டுப் போனார். போலீஸ்காரர்கள் ஒருநாள் வந்து தாங்களே பார்த்துவிட்டு, காணாமல் போனவரைத் தினமும் காண முடிகிறபோது எந்தப் பிரிவில் எழுதுவது என்று குழம்பிப்போய், கோப்பை அப்படியே வைத்துவிட்டார்கள்.

முதல் முதலாக அவருக்கு எதிரே ஏறிப்போக வேண்டியிருந்தவர் காலைப் பஸ் டிரைவர் மொக்கைச்சாமி. அவர் இருபது வருடம் அந்தப் பாதையில் ஓட்டியவர், எதற்கும் பின்வாங்காதவர் என்று பெயரெடுத்தவர். மேலே இரண்டு வளைவு தள்ளி அந்த மஞ்சள் பனியன் திரும்புவதைப் பார்த்ததும், பஸ்ஸை அப்படியே பின்னுக்கு எடுத்து, அகலமான இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்குக்கு மேல் கை கூப்பினார். பஸ்ஸில் இருந்தவர்களும் கூப்பினார்கள். அன்றிலிருந்து அது மலையின் வழக்கமாயிற்று. இறங்குகிற ஒருவருக்கு ஏறுகிறவர்கள் வழிவிட்டார்கள். பால் வண்டி விட்டது, கூரியர் வண்டி விட்டது, ஒன்பதாம் வளைவிலிருந்து சீரக்காட்டுக்குப் போக வேண்டிய ஜீப்புகளும் ஓரம் கட்டின. கொஞ்ச நாளில் அதுவும் போதாது என்று பட்டு, சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பாலுச்சாமி, சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் சாலைக்குக் குறுக்கே ஓர் இரும்புச் சங்கிலியைப் போட ஆரம்பித்தார். விடிந்ததும் போடுவார், மேலே டிக் டிக் ஓசை அடங்கிவிட்டதாகச் செய்தி வந்ததும் எடுப்பார். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை, யாரும் எடுக்கவும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸின் நேரம் முக்கால் மணி தள்ளிப்போனது. பள்ளிக்கூடத்தின் முதல் மணியும் அதோடு தள்ளிப்போனது.

மனிதர்கள் எதற்குத்தான் பழக மாட்டார்கள். புதுமணத் தம்பதிகள் தாலி கட்டிய மறுநாள் சாலையோரம் வந்து நின்று கையாட்டு வாங்கிப் போனார்கள். புதுவண்டி வாங்கியவர்கள் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் மலைப்பாதையில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை என்பதை டிரைவர்கள் அவர் பேரில் எழுதிக்கொண்டார்கள். இறந்தார் என்றோ தொலைந்தார் என்றோ சொல்பவரை ஊர் திருத்தியது. இறங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற எதற்கும், அது பாகப்பிரிவினை வழக்கானாலும் கட்டி முடியாத பாலமானாலும், அருள்நம்பியின் பெயரே வழங்கலாயிற்று.

அவருடைய மனைவி மங்கையர்க்கரசி மாதத்துக்கு ஒருமுறை வந்தார். டிரைவிங் ஸ்கூலை இப்போது அவர்தான் நடத்தினார். சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வந்து ரோசம்மா வீட்டில் தங்கி, காலையில் கடை வாசலில் நிற்பார். மணிச் சத்தம் வரும், மஞ்சள் பனியன் வரும், இடது கை உயரும். அது மனைவிக்கான கையாட்டு அல்ல. ரோசம்மாவுக்கும் பால்காரருக்கும் சாலையோர மாட்டுக்கும் ஆட்டியது எதுவோ அதுவேதான் அவருக்கும் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது சொல்லிப் பார்த்தார். பெயரைச் சொன்னார், மகள் வயதுக்கு வந்ததைச் சொன்னார், அம்மா காலமானதைச் சொன்னார். வளைவில் சாய்கிற உடம்பு சாய்ந்தது. மலைக்காரர்கள் அவருக்கு உட்கார நாற்காலி போட்டார்கள், மரியாதையாக நடத்தினார்கள், அவர் அழுதால் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். கண்முன்னால் தினமும் வந்துபோகிறவருக்காக ஏன் அழ வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

2013 ஆகஸ்ட் மாதம், மதுரையில் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கணவர் சொல்லிச் சொல்லித் தனக்கும் மனப்பாடமான அந்த வரி மங்கையர்க்கரசியின் வாயிலிருந்து வந்தது. இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும். சொன்னவர் வண்டியைப் பாதி வழியில் நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் பிரேக்கை மிதித்தபடி, எதற்கு நிறுத்தச் சொன்னீர்கள் என்று கேட்டாள். இரண்டரை வருடமாக அருள்நம்பிக்கு எதிரே ஒரு வண்டியும் ஏறவில்லை. யாரும் அவரை நிற்கவே விடவில்லை.

மொக்கைச்சாமியிடம் போய்ப் பஸ்ஸை எதிரே ஏற்றச் சொன்னார். அவர் காதைப் பொத்திக்கொண்டார். ஜீப்புக்காரர்கள் மறுத்தார்கள். பாலுச்சாமி சங்கிலியை இன்னும் சீக்கிரமாகப் போட்டார். மங்கையர்க்கரசி மதுரைக்குத் திரும்பி, ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி, ஓட்டுநர் பயிற்சி மைதானத்தில் ஆறு வாரம் மிதித்தார். ஒரு சனிக்கிழமை மாலை அதைப் பஸ் கூரையில் ஏற்றிவந்து நான்காம் வளைவில் இறங்கிக்கொண்டார். சாலைப் பராமரிப்புக்காக யாரோ கட்டிவைத்திருந்த தகரக் கொட்டகையில் தங்கினார். காலையில், சங்கிலிக்கு மேலேயிருந்து, ஏற ஆரம்பித்தார்.

தள்ளிக்கொண்டு போனால் ஏறுகிற வண்டி ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மிதித்தார். சேலைக்குப் பதில் சுடிதார் போட்டிருந்தார், ஹேண்டில்பாரின் மேல் நெஞ்சு கவிழ, ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவே சைக்கிள் நின்றுவிடுமோ என்கிற வேகத்தில், ஐந்தாம் வளைவைக் கடந்து ஆறாம் வளைவின் நடுவில் இருந்தபோது மேலே மணி கேட்டது. மஞ்சள் பனியன் திரும்பியது. பிறகு அந்த மலை இரண்டரை வருடமாகக் கேட்காத ஓசை ஒன்று கேட்டது. அது பிரேக் கட்டை உரசும் கிறீச்சொலி. ஒன்பதாம் வளைவில் ரோசம்மாவின் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது.

அருள்நம்பி ஓரம் கட்டினார். இடது காலை ஊன்றினார்.

"வாங்க, நீங்க ஏறி வாங்க," என்றார், யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல. பிறகு மூக்குக்கண்ணாடியிலிருந்த பனியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "மங்கையா? நீ எங்க இங்க? நீ எப்பருந்து சைக்கிள் ஓட்டுற?"

மங்கையர்க்கரசிக்கு மூச்சு திரும்பவில்லை. அருள்நம்பியே மேலும் பேசினார்.

"எதிர்ல ஒரு வண்டியக் காணோம் மங்கை. யாராச்சும் ஏறி வந்தா நிப்பாட்டலாம்னு ஒவ்வொரு வளைவுலயும் பாத்துக்கிட்டே வர்றேன். ஒரு ஆளு வரல. கை வலிக்குது."

"இறங்குங்க."

"நீ முதல்ல போ. ஏறுற வண்டி."

"ஏறுற வண்டி நின்னுருச்சுங்க. நீங்க இறங்குங்க."

அவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். அங்கேயே உட்கார்ந்தார். பசிக்கிறது என்று முதுகுப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றார். தாடி ஒருநாள் வளர்ச்சியாகத்தான் இருந்தது. என்ன கிழமை என்று கேட்டதற்கு ஞாயிறு என்றார், அதில் தப்பில்லை.

மேலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், கீழே சங்கிலியை எடுத்துவிட்டு மொக்கைச்சாமி பஸ்ஸைக் கொண்டுவந்தார். வந்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. தினமும் பார்த்த முகத்தை நின்ற நிலையில் பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. பலர் அவருடைய டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவனும் மனைவியும் பஸ்ஸில் ஏறிய பிறகு மொக்கைச்சாமி படிக்கட்டருகே வந்து தலையைச் சொறிந்தார்.

"ஆளக் கூட்டிட்டுப் போறீங்க. சரி, உங்க ஆளு. சைக்கிளையாவது விட்டுட்டுப் போங்கம்மா. எங்களுக்குன்னு ஏதாச்சும் வேணும்ல."

"ஏன் மொக்கை," என்றார் ரோசம்மா, "அவரு மூக்குக்கண்ணாடியையும் கழட்டி வாங்கிக்கயேன். தோலு உரிச்சுக் குடுக்கச் சொல்லு."

சிலர் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். தலையை மட்டும் ஆட்டினார். ஆறாம் வளைவின் தடுப்புச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து, அதற்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குச் சைக்கிள் தனியாகச் சீரக்காட்டிலிருந்து இறங்கியது. இருக்கையில் யாரும் இல்லை. வளைவுகளில் அது தானாகச் சாய்ந்தது, ஒன்பதாம் வளைவில் மணி தானாக அடித்தது, ஹேண்டில்பாரில் மாலை ஆடியது. பாலுச்சாமி சங்கிலியைப் போட்டார். ஜீப்புகள் ஓரம் கட்டின. நாலைந்து நாளில் ஊர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. முன்பைவிட வசதி என்றுகூடச் சிலர் சொன்னார்கள், இதைத் தேடி அழுதுகொண்டு வர மனைவி கிடையாது. ரோசம்மா மட்டும் அந்த நேரத்தில் கடையின் முன்பலகையைச் சாத்திக்கொண்டார். ஆளில்லாத மணிச் சத்தத்துக்குத் தன்னால் டீ ஆற்ற முடியாது என்றார்.

மதுரையில் அருள்நம்பி தூங்கினார், சாப்பிட்டார், மகளின் உயரத்தைப் பார்த்து வியந்தார், டிரைவிங் ஸ்கூலுக்குக் கூடுதலாக ஒரு கார் வாங்கிப் போட்டார். காலை ஆறு நாற்பது ஆனால் மட்டும் எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடுவார். மின்விசிறி ஓடாத அறையில் அவருடைய தலைமுடி பின்னுக்குப் பறக்கும். ஜன்னல் திரை அசையாது. கண்ணில் நீர் வழியும், கண்ணாடியில் பனி படியும், கன்னத்தைத் தொட்டால் மார்கழிக் குளிர் இருக்கும். அங்கே இல்லாத பிரேக்கை விரல்கள் தேடும். அரைமணி நேரத்தில் அடங்கிவிடும், காபி கேட்பார். என்ன செய்கிறது என்று மனைவி ஒருநாள் கேட்டதற்கு, "நான் இன்னும் இறங்கி முடிக்கல மங்கை," என்று மட்டும் சொன்னார்.

மங்கையர்க்கரசிக்குத் தான் என்ன கொடுத்துவிட்டு வந்தோம் என்று புரிந்தது. மறுபடி லேடீஸ் சைக்கிளோடு போனார், மறுபடி நான்காம் வளைவிலிருந்து ஏறினார். அதே ஆறாம் வளைவில் அந்தச் சைக்கிள் அவரை நோக்கி வந்தது. அதில் விதியைத் தெரிந்தவர் யாரும் இல்லை. பிரேக் பிடிக்கக் கையும் இல்லை. அது நிற்கவில்லை. கடைசி நொடியில் அவர் பக்கவாட்டு வாய்க்காலில் விழுந்தார், அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்தை உரசிவிட்டு அது போய்விட்டது. எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே தூக்கிப் போட்டாற்போல் ஆடினார், முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வருகிறது, எதிலும் இடிக்கவில்லை.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது மங்கையர்க்கரசி பாலுச்சாமியின் வீட்டுக்குப் போனார். சங்கிலியை எடுக்கச் சொல்லித் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் கொல்லைப் பக்கம் போகப் பார்த்தார். மங்கையர்க்கரசி அவரை உட்காரவைத்து, ஒருநாள்கூடத் தவறாமல் சங்கிலியைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பழைய சங்கிலி துருப்பிடித்திருந்தது. புதுச் சங்கிலியும் பூட்டும் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் போட அவருடைய மருமகனிடமும் சொல்லிவைத்தார். ஜீப் ஸ்டாண்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். மலைக்காரர்களுக்கு இதில் சந்தோஷம்; கடைசியில் அந்தம்மாவும் நம் வழிக்கு வந்துவிட்டார் என்று மொக்கைச்சாமி பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். ரோசம்மா மொக்கைச்சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சில்லறை இல்லை என்று டீ தர மறுத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் மதுரையிலிருந்து அடிவாரத்துக்கு ஒரு போன் வரும்.

"போட்டாச்சா அண்ணே?"

"போட்டாச்சு தாயி. பூட்டிட்டேன். நீ காப்பியக் கலக்கு."

மங்கையர்க்கரசி போனை வைத்துவிட்டு, கணவருடைய நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய குளிர்ந்த கைகளைப் பிடித்துக்கொள்வார். மேலே ஒவ்வொரு வளைவாக அவர் இறங்குவதை, தோள் இடதும் வலதுமாகச் சாய்வதை வைத்து, மங்கையர்க்கரசியால் சொல்ல முடிந்தது. இரண்டாம் வளைவு முடிந்ததும் விரல்கள் தளரும். அப்போதுதான் அவரும் மூச்சு விடுவார். இப்படி இரண்டு வருடம் ஓடியது. விருந்து, கல்யாணம், மகளின் பரீட்சை என்று எதற்கும் அந்த நேரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மலையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால், கணவர் பார்க்கும் முன்னால் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, மொக்கைச்சாமிக்குப் போன் போட்டு எந்த வளைவில் என்று கேட்டுக்கொள்வார்.

2015 நவம்பர் 19, வியாழக்கிழமை காலை, பாலுச்சாமி சங்கிலியைப் போட்டுப் பூட்டியிருந்தார். போனில் கேட்டதற்கு அப்படியே சொன்னார். முதல் நாள் மாலை சீரக்காட்டுக்குச் சிமெண்ட் ஏற்றிச் சென்ற வெளியூர் லாரி ஒன்று, கியர் பழுதாகி, சங்கிலிக்கு மேலே நான்காம் வளைவில் நின்றுவிட்டிருந்தது யாருக்கும் பொருட்டாகத் தெரியவில்லை. பழுதைச் சரிசெய்துகொண்டு அது காலையில் ஏறத் தொடங்கியது. ஐந்தாம் வளைவில் ஆளில்லாத ஒரு சைக்கிள் நேரே வந்து மோதியதாகவும், இறங்கிப் பார்த்தபோது சைக்கிள் இல்லை, பம்பரில் கீறல் இல்லை, சாலையில் செவ்வந்தி இதழ்கள் கிடந்தன என்றும் டிரைவர் சொன்னார். அதே நேரத்தில் மதுரையில், வீட்டு முன்னறையில், மனைவி கைகளைப் பிடித்திருக்க, நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் அருள்நம்பி இறந்தார். வலது பக்க விலா எலும்புகள் முறிந்திருந்தன.